கப்போய்ரா அக்கா

மாமா பையனிடம் ஒரு வீடியோ கேம் இருந்தது. அதில் ஒருத்தன் கையை ஊன்றித் தலைகீழாகச் சுற்றுவான். சுற்றிக்கொண்டே உதைப்பான். உதை வாங்கினவன் பத்தடி தள்ளிப் போய் விழுவான். அதற்குப் பேர் கப்போய்ரா, பிரேசில்காரர்கள் சண்டை என்று மாமா பையன் சொல்லியிருந்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாவோடு திருவெறும்பூர் மாமா வீட்டுக்குப் போவேன். போவதே அந்த கேமுக்காகத்தான். ஆனால் அவன் சாப்பிடப் போகிற நேரம்தான் ஜாய்ஸ்டிக் என் கைக்கு வரும்.

மாமாவுக்குத் துவாக்குடியில் ஒரு காலேஜ் கேண்டீனில் வேலை. அங்கே விழா என்று ஒரு ஞாயிறு எங்களைக் கூட்டிப்போனார். மைதானத்தில் கப்போய்ரா என்று போர்டு வைத்திருந்தார்கள். ஓடினோம்.

பதினைந்து பேர் வட்டமாக நின்று கை தட்டிப் பாடினார்கள். சுரைக்குடுக்கை கட்டின வில் ஒன்றை ஒருத்தர் குச்சியால் தட்டினார். நடுவில் இரண்டு பேர், அவசரமே இல்லாமல் இப்படியும் அப்படியும் அசைந்தார்கள். ஒருத்தர் காலை வீசினால் மற்றவர் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

“டூப்புடி. ஒருத்தனும் விழல” என்றான் மாமா பையன்.

நடுவில் ஆடிக்கொண்டிருந்த இருவரில் ஒரு அக்கா எங்களைப் பார்த்து, “யாராவது வரீங்களா?” என்று கேட்டார்.

அவன் என் காதில், “நீ போயி அவங்கள உதைச்சுத் தள்ளு. தள்ளிட்டா இனிமே ஜாய்ஸ்டிக் உனக்குத்தான் முதல்ல” என்றான்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

போனேன். அக்காவின் கால் மூன்று முறை என் முகத்துக்கு நேரே வந்தது. மூன்று முறையும் ஒரு சாண் தள்ளி நின்று திரும்பிப் போயிற்று. நாலாவது முறை அவர் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்தார். ஓங்கி உதைத்தேன். குதிகால் வாயில் பட்டது. உட்கார்ந்துவிட்டார். உதட்டில் ரத்தம்.

கேமில் என்றால் உடனே இன்னொரு உதை விட வேண்டும். ஆனால் கால் ஒரு ஆள் மேல் பட்டுவிட்டது. என் கை தன்னால் போய் அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பரவால்ல பாப்பா. நான்தான் விலகியிருக்கணும். வா, ஆடலாம்.”

நான் ஆடவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா பையன் தீர்ப்பு சொன்னான். “அவங்க விழல, உட்கார்ந்தாங்க. நீ வேற கும்பிட்டுட்ட. கேம்ல அதுக்கு பட்டனே கிடையாது. நீ அவுட்டு.”

அதற்குப் பிறகும் அவன் சாப்பிடப் போகிற நேரம்தான் எனக்கு.

அன்றைக்கு அக்காவின் கால் என் மேல் ஒரு தடவைகூடப் படவில்லை. அவருக்கு உதைக்கத் தெரியவில்லை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.