ஷாணி என்றால் கெட்டிக்காரி

கல்யாணமாகி கோவண்டிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்கா என்னை 'ஷாணி' என்றார். சாணி என்கிறாரோ என்று பதறிப்போனேன். கெட்டிக்காரி என்று என் வீட்டுக்காரர் விளக்கினார்.

சில நாள் கழித்து, ரயிலில் பெண்கள் பெட்டியில் காலி இடம் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே நின்றவள் தன் தோழிக்காகப் பிடித்துவைத்த இடமாம் அது. என்னை முறைத்து, "ஜாஸ்தி ஷாணி மத் பன்!" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே, "தேங்க்ஸ்" என்றேன்.

சட்டென்று என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

பக்கத்திலிருந்த தமிழ்க்கார அம்மா என் காதில், "சிரிக்காதட்டி! ரொம்ப வெவரமா நடக்காதன்னு மெரட்டுதா. எந்திச்சிரு," என்றார்.

எழுந்தேன். நான் போகவேண்டியது குர்லா. செம்பூரிலேயே இறங்கி, அந்த ரயில் மறையும்வரை தூணுக்குப் பின்னால் நின்றேன்.