பைனா விடாத பெயர்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகளுக்கு விடுதலை வந்ததும் கில்யார்ட் தோட்டத்து ஜனங்கள் முதலில் தூக்கி எறிந்தது தங்கள் பெயரோடு ஒட்டியிருந்த எஜமானின் பெயரைத்தான். பட்டாளத்து அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். ஆளுக்கொரு புதுப் பெயரைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் "பைனா கில்யார்ட்" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தங்கை தாமாருக்கு மானமே போய்விட்டது. "அடிச்சவன் பேரை இன்னுமா சுமக்குற, அக்கா?"

பைனாவின் கணவன் ஐசமை எஜமான் அலபாமாவுக்கு விற்றது போருக்கு வெகு முன்னால். அவன் தேடி வந்தால் என்ன பெயர் சொல்லிக் கேட்பான்? அவனுக்குத் தெரிந்தது இந்தப் பெயரும் இந்தக் குடிசையும்தான். இரண்டில் எதை விட்டாலும் அவன் தன்னைத் தவறவிட்டுவிடுவான் என்று பயந்தாள்.

கடலோரத் தீவில் சொந்தமாக நிலம் வாங்கலாம் என்று பேச்சு. தாமார் குடும்பத்தோடு கிளம்பினாள். அக்காவையும் அழைத்து அழுது பார்த்தாள். பைனா மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, குடிசை வரிசை காற்று வாங்கியது. அவள் பழைய எஜமானின் பருத்தியையே பங்குக்குப் பறித்தாள். பங்கு என்று பெயர்தான். கைக்கு வந்ததோ சோளமாவும் உப்பிட்ட பன்றிக்கறியும். விடுதலைக்குப் பிறகும் அதே காட்டில் குனிவது எவ்வளவு கேவலம் என்று அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் கோழிகளிடம் பேசினாள். நல்ல கோழிகள், தாமாரைப் போல ஏசவில்லை.

ஆண்டுகள் போயின. ஒரு மத்தியானம், பெற்ற தாயைத் தேடி அலபாமாவிலிருந்து நடந்தே வந்த ஒருவன் வாசலில் நின்றான். அப்படித் தேடி அலைபவர்கள் அப்போது எல்லாச் சாலைகளிலும் இருந்தார்கள். பைனா சோளரொட்டி கொடுத்தாள். எல்லாரிடமும் கேட்பதுபோல அவனிடமும் ஐசம் கில்யார்டைத் தெரியுமா என்று கேட்டாள்.

"கில்யார்டுன்னு யாரும் இல்லம்மா. ஐசம் பைனான்னு ஒருத்தரு இருக்காரு. என்னய்யா இது பொம்பளப் பேருன்னு கேலி பண்ணுவோம். வித்த இடத்தை விட்டு நகர மாட்டேங்குறாரு. பொண்டாட்டி தேடி வருவாளாம், அவளுக்கு அந்த இடந்தான் தெரியுமாம்."

ஐசமை வண்டியில் ஏற்றியபோது அடிமைத் தரகன் போகிற இடத்தின் பெயரைச் சொல்லித்தான் இருப்பான். பைனா அப்போது அலறிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. பாழாய்ப்போன அந்த ஒரு சொல்லுக்காக அவன் அங்கேயும் அவள் இங்கேயுமாகக் கிழடு தட்டிவிட்டார்கள்.

இடத்தின் பெயரைக் கேட்டு, மறக்காதபடி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். உடனே வேறொரு பயம் பிடித்தது. காத்துச் சலித்து அவனும் கிளம்பிவிட்டால்? இங்கே வந்து கேட்டால் பதில் சொல்ல வரிசையில் ஒரு ஆள் இல்லையே.

அன்றே கிளம்பினாள். வழியில் பார்த்த ஒவ்வொருவரையும், வெள்ளைக்காரர்களைக்கூட விடாமல், நிறுத்திச் சொன்னாள்: "ஐசம்னு ஒருத்தரைப் பாத்தீங்கன்னா, எங்க நிக்கிறாரோ அங்கயே நிக்கச் சொல்லுங்க. பைனா வந்துக்கிட்டிருக்கா."