காளை இழுத்த ஸ்போர்ட்ஸ் கார்

ஜமீன் ஏலத்தில் எடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நானே படம் வரைந்து, கொல்லரை விட்டு மீன்வால் மாதிரி பின்பக்கம் செய்து மாட்டியிருந்தேன். அந்த அவலட்சணத்தைக் கலை என்று நம்பிய ஒரே பிறவி நான்தான்.

கைமுடை வந்ததும் விற்கத் துணிந்தேன். வல்லத்திராக்கோட்டை விவசாயி ஒருவர் கிணற்றுப் பம்புக்கு இஞ்சினை மட்டும் கேட்டார்.

"கூறு போட்டு விக்க இதென்ன ஆட்டுக்கறியா?" என்று விரட்டினேன்.

அதே ஊர் ஜவுளிக்கடைக்காரர் முழுசாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். காட்டப் போன அன்று, ஊருக்கு ஒரு மைல் முன்பே கார் படுத்துவிட்டது. வெட்கங்கெட்டுப்போய் அந்த விவசாயியின் காளைகளையே பூட்டி இழுக்கச் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு, மகாராஜா மாதிரி உள்ளே நான்.

கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "ஏங்க, மாட்டோட சேத்துத்தானே வெலை?"

"மாடு என்னுதுங்க" என்றார் விவசாயி, என்னைக் கைகாட்டி. "இஞ்சினை எனக்குக் குடுத்துட்டு, மிச்சத்தை அவுகளே தூக்கிட்டுப் போகட்டும்."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் என் கலைக் கர்வம் இறங்கிவிட்டது. விவசாயியிடமே ஸ்பானர் இரவல் வாங்கி, முதல் போல்ட்டை நானே கழற்றினேன்.