தங்க மூடி வைட்டமின்

எங்கள் சமையலறையில் கடுகு டப்பாவுக்கும் வெந்தய டப்பாவுக்கும் நடுவே, தங்க நிற மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. தங்கம் உதிர்ந்து உதிர்ந்து இப்போது மூடியின் ஓரத்தில் மட்டும் சொறி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டப்பாவின் வயிற்றில் சிறகு விரித்த கழுகு, கழுகுக்குப் பின்னால் உதய சூரியன். எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவியும், மூடியைத் திறந்து முகர்ந்தால் ஒரு வாடை இன்னும் வரும். நனைந்த மாட்டுத் தீவனத்தை மீன் கூடைக்குள் வைத்து மூடினால் எப்படி இருக்கும், அப்படி. அந்த வாடையைத்தான் ஆரோக்கியத்தின் மணம் என்று நம்பி, தினமும் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அரசாங்கத்தில் ஃபைல் பார்க்கிறவன், டெல்லி பஸ்ஸில் யாராலும் ஏமாற்ற முடியாதவன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

டப்பாவைக் கொண்டுவந்தவர் என் சகலை. மனைவியின் அக்கா கணவர். நாங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம், அவர்கள் ஆர்.கே.புரத்தில். அவர் என்னைவிட ஒரு படி மேலே உள்ள அதிகாரி. அவர் ஃபிரிட்ஜ் வாங்கினால் எங்கள் வீட்டு மண்பானைக்கு அன்றே வயதாகிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லி ஆபீஸ்களில் ஒரு புது நோய் பரவியது. நேற்றுவரை பக்கத்து மேஜையில் கொட்டாவி விட்டவர் இன்று டை கட்டிக்கொண்டு வந்து, "உங்க உடம்பைப் பத்தி என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். வாங்கினவர் விற்க வேண்டும், விற்றவர் இன்னும் நாலு பேரை விற்க வைக்க வேண்டும். சகலைக்கு அந்த நோய் முற்றிய நிலையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகிற மனிதர், அந்த நேரத்தில் தன் வீட்டு ஹாலில் நாற்காலி போட்டு வைட்டமின் கூட்டம் நடத்தத் தொடங்கினார்.

எனக்கு அப்போது கால் மரத்துப்போகும். வலது பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். பயத்தில் எனக்கு நிகர் கிடையாது. எறும்பு ஊர்ந்த முதல் நாளே என் பென்ஷன் பேப்பரில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். ஷேவ் செய்யும்போது நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். ஒருநாள் பஸ் கண்ணாடியில் அப்படிச் செய்தபோது, முன் சீட்டுக் குழந்தை அழத் தொடங்கிவிட்டது. காலனி டிஸ்பென்சரியில் டோக்கன் வாங்கி, இருமுகிறவர்களுக்கு நடுவே நின்று, டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என் பாதத்தைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், ஆபீஸில் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டார். வலது காலை மடித்து அதன்மேல் உட்காருவேன் என்று சொன்னேன். "அப்படி உக்காராதீங்க" என்று சொல்லி, பி காம்ப்ளெக்ஸ் எழுதினார். ஜலதோஷக்காரருக்கும் அதே பி காம்ப்ளெக்ஸ், பூரான் கடித்தவருக்கும் அதே. உயிர் போகிற பயத்தோடு போனவனை இப்படியா அனுப்புவது? காகிதப் பொட்டலத்தில் கொடுத்த அந்த மாத்திரைகளை வீட்டுக்கு வந்ததும் அலமாரித் தலையில் வீசினேன்.

மறுநாளே சகலை வந்தார். சேதி மனைவியிடமிருந்து அக்காவுக்கும் அக்காவிடமிருந்து அவருக்கும் போயிருந்தது.

"என்ன சகலை, காலு மரத்துப் போகுதாம்லா? சர்க்கார் மாத்திரையா சாப்புடுதீங்க? அது பில்குல் சுண்ணாம்பு. ஓசியில கொடுக்கதுல என்னத்த இருக்கும்? உயிரு வேணும்னா உயிருக்குள்ள விலையைக் கொடுக்கணும்லா."

தங்க மூடியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு மாத்திரையும் குதிரைக்குச் செய்தது போல இருந்தது. விலையைச் சொன்னார். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, விலையைக் கேட்டதுமே பாதத்தில் பாதி எறும்பு இறங்கிவிட்டது. இவ்வளவு விலை உள்ள ஒன்று பொய் சொல்லாது என்று தோன்றியது.

அதை விழுங்கிய கதை விழுங்கியவனுக்குத்தான் தெரியும். தொண்டையில் குறுக்கே நிற்கும். இறங்கியபின் மதியம்வரை தீவன ஏப்பம் வரும். பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலைத் திறந்து வைப்பார். சிறுநீர் மஞ்சள் பெயின்ட் மாதிரி போகும். பயந்துபோய்ச் சகலைக்கு போன் செய்தால், "பவர் வெளிய வருது, அச்சா சைன்" என்றார். சீ! அத்தனை விலை கொடுத்து வாங்கிய பவர் முழுவதும் யமுனைக்குப் போகிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்குள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறத் தொடங்கியிருந்தேன். தலையில் மயிர்கூடக் கொஞ்சம் முளைத்த மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் மாத்திரை சின்னதாக, சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு இருந்தது. வாடையும் குறைந்திருந்தது. கம்பெனிக்காரன் ஃபார்முலாவை முன்னேற்றிவிட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சிறுநீர் அதே மஞ்சள், மாடிப்படியும் அதே இரண்டிரண்டு.

அந்த மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் சகலை என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஹால் நிறைய ஜனம். ஆர்.கே.புரத்துத் தமிழர்கள், இரண்டு மூன்று பஞ்சாபிப் பெண்மணிகள். நான் ஜோக்கடிக்கிறவன், சபை கிடைத்தால் விடுவேனா? எறும்புக் கதை, நாக்குக் கதை, பஸ் குழந்தைக் கதை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்து, கடைசியில் அந்த இடத்திலேயே வலது காலில் குதித்துக் காட்டினேன். "இப்ப மாத்திரை சைஸையும் குறைச்சிருக்காங்க" என்று பாராட்டினேன். சகலை முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. அவர் அதை ஆராய்ச்சிப் பெருமையாக மாற்றிக்கொண்டு தலையாட்டினார்.

அப்போது அக்கா காபித் தட்டோடு வந்தாள். சமையலறையிலிருந்து ஹாலுக்கு எவ்வளவு தூரம்? அதற்குள் மூச்சு வாங்கியது. உதடு சாம்பல் நிறம். தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றாள். சகலை அவளைக் காட்டி, "இவளுக்கும் இதான் கொடுக்கேன். கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும், சகலையைப் பாத்தீங்கள்லா" என்று சபைக்குச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நம்பிக்கையோடு சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சரோஜினி நகர் தாண்டியதும் மனைவி சொன்னாள்.

"நீங்க முழுங்குதது நம்ம டிஸ்பென்சரி மாத்திரை."

"எது?"

"டப்பா காலியாச்சு. மழையில பொட்டலம் நமுத்துப் போவுதேன்னு அதுல போட்டு வச்சேன். அன்னைக்கே சொன்னம்லா. நீங்க பேப்பரைப் பாத்துக்கிட்டு 'ம்ம்'னீங்க."

அவள் ஏமாற்றவில்லை. எங்கள் வீட்டில் எந்த டப்பாவும் தன் பெயரிலுள்ள பொருளைச் சுமந்ததில்லை. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் இருக்கும், ஊறுகாய் ஜாடியில் உப்பு இருக்கும். எந்தத் தமிழ்ச் சமையலறையிலும் அப்படித்தான். ஆனால் கேட்ட மாத்திரத்தில் என் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. சத்தியமாக ஊர்ந்தது! வலது காலில் குதித்துவிட்டு வந்தவன், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் போய்விட்டது என்று வியர்த்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் துளியும் இல்லை.

"உங்க கால் கிடக்கட்டும். அக்காவுக்கு ரத்தமே இல்லையாம். அவ டிஸ்பென்சரில இரும்பு மாத்திரை கொடுத்திருக்காங்க. இப்படியே விட்டா ஆஸ்பத்திரில படுக்க வச்சு ரத்தம் ஏத்தணும்னு சொன்னாங்களாம். அத்தான் மாத்திரையைக் குப்பையில போட்டுட்டாரு. அக்காவை டிஸ்பென்சரிப் பக்கமே போவக்கூடாதுன்னுட்டாரு."

"ஏன்?"

"லைன்ல நிக்கதெல்லாம் அவர்கிட்ட டப்பா வாங்குன ஆளுங்கதான. வைட்டமின்காரர் பொண்டாட்டி ஓசி மாத்திரைக்கு நிக்கான்னு தெரிஞ்சா யாரு வாங்குவா?"

அதுவரை எனக்கு இருந்தது பயம். அந்த நிமிடம் அது அருவருப்பாக மாறியது. மனிதர் தன் சரக்கை நம்பினால்கூட மன்னித்துவிடலாம். வாங்குகிறவன் கண்ணுக்காக மனைவியின் ரத்தத்தைப் பணயம் வைத்திருக்கிறார். என் குதியாட்டமும் அந்தச் சரக்கின் விளம்பரமாகியிருக்கிறது.

சால்வையால் முகத்தை மூடிக்கொள்ளக் குளிர்காலம் வரும்வரை மனைவி காத்திருக்கவில்லை. மறுநாளே ஒரு துப்பட்டாவோடு ஆர்.கே.புரம் போனாள். அக்காவுக்குத் தலையோடு முகத்தைச் சுற்றி, பஞ்சாபிப் பெண்போல ஆக்கி, டிஸ்பென்சரி வரிசையில் நிறுத்தினாள். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. குளிர் வந்ததும் துப்பட்டா சால்வையாயிற்று. இரும்பு மாத்திரை அக்காவின் அரிசி டப்பாவுக்குள் இருந்தது, தங்க மூடி டப்பா மேஜைமேல் அலங்காரமாக இருந்தது. இரும்பு உள்ளே போனால் மலம் கறுப்பாகப் போகும். அக்கா அதை அப்பாவியாகச் சகலையிடம் சொல்லிவிட்டாள். அவர் குஷியாகிவிட்டார். "உள்ள உள்ள விஷமெல்லாம் வெளிய வருது" என்று அதையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், கப்பையும் கீழே வைக்கவில்லை. தூ!

பொங்கலுக்கு அப்புறம் நடந்த கூட்டத்தில் அக்காதான் முக்கிய சாட்சி. கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. காபித் தட்டை மூச்சு வாங்காமல் கொண்டுவந்தாள். சகலை மைக் இல்லாமலே மைக் பிடித்த குரலில், "இந்த முகத்தைப் பாருங்க. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" என்றார். முன் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அக்கா முன்பு இருந்த அதே சாம்பல் உதட்டோடு இருந்தாள். மடியில் பர்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், அரிசி ஒட்டிய கையோடு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"நான் சாப்புட்டது இதாம்மா. இங்க நம்ம செக்டர் டிஸ்பென்சரில கொடுக்காங்க. டோக்கன் எடுத்து நிக்கணும், அவ்ளோதான். உனக்கு இது வேணுமான்னு டாக்டரம்மா ரத்தத்தைப் பாத்துச் சொல்வாங்க. முதல்ல அங்க போ."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து, "எனக்குக் கிட்வாய் நகர் டிஸ்பென்சரி மாத்திரை. மஞ்சள் அதே மஞ்சள்தான்" என்றேன். என் வாழ்க்கையில் யாரும் சிரிக்காத ஒரே ஜோக் அது.

சகலை அசரவில்லை. "மாத்திரை எதுவாயிருந்தாலும் டப்பாவோட வைப்ரேஷன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். சாம்பல் உதட்டுப் பெண் பர்ஸை மூடிக்கொண்டு அக்காவோடு வாசலுக்குப் போய்விட்டாள். ஆனால் அத்தனை பேரும் கேட்டபிறகும், அன்றைக்கும் இரண்டு மூன்று டப்பா விற்றது. ஓசியில் கிடைப்பது நல்லதாக இருக்க முடியாது என்று ஒருவர் எனக்கே விளக்கினார். ஒரு பஞ்சாபிப் பெண்மணி மட்டும் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "பெஹன்ஜி, காலி டப்பா மிலேகா க்யா?" என்று காலி டப்பா கிடைக்குமா எனக் கேட்டார். கூட்டத்திலேயே புத்திசாலி அவர்தான் என்பது என் எண்ணம்.

பிறகு சகலை காந்த மெத்தைக்கு மாறினார், அப்புறம் தண்ணீர் மெஷினுக்கு. டை மட்டும் மாறவில்லை. ரிடையராகி இப்போது டெல்லியிலேயே துவாரகாவில் ஃப்ளாட். ஊரில் கடைக்குக் கடை, மிட்டாய் வடிவில்கூட வைட்டமின் வந்துவிட்டது. குர்கானிலிருந்து என் பெண் கரடி பொம்மை வடிவில் ஒன்று அனுப்பியிருக்கிறாள். டாக்டர் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு வயதுக்கு ஏற்ற ஏதோ குறை இருப்பதாக டிஸ்பென்சரியில் ரத்தம் பார்த்து மறுபடியும் பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கிறார்கள். அது வழக்கம்போலத் தங்க மூடிக்குள் இருக்கிறது.

போன மாதம் அக்காவும் சகலையும் வந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், "ஏ சகலை, இன்னுமா வச்சிருக்கீரு?" என்று கூவினார். பழைய சிநேகிதனைக் கண்டமாதிரி டப்பாவைத் தடவிப் பார்த்தார், மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்தார், எங்களைக் கேட்காமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இதுல்லா சரக்கு. இப்ப வாரதெல்லாம் வெறும் சுண்ணாம்பு."

நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் டம்ளரோடு நின்ற அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"முழுங்கட்டும், விடுங்க. நல்ல மாத்திரைதான்."