ட்ரவுட் மீனுக்குக் கட்டிய பூச்சிகள்

நான் பத்தாவது வரை படித்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் இருபது வருடங்களுக்கு மேல் தைத்திருக்கிறேன். குழந்தைச் சட்டை, இரவு உடுப்பு, தொப்பி வைத்த ஜெர்சி என்று என் கை படாதது குறைவு. ஆனாலும் நான் செய்ததிலேயே கஷ்டமான சாம்பிள் எது என்று கேட்டால், சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு பூச்சியைத்தான் சொல்ல வேண்டும். யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டி ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் தரப்பிலிருந்து அதைப் பார்த்து பாஸ் பண்ண, வருடத்துக்கு இரண்டு முறை ஒரு வெள்ளைக்காரர் வருவார். நெட்டையான மனிதர், வயதானவர். மேஜையில் துணியை விரித்தால் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். எங்களுக்குள் அவரை அப்பாரு என்போம். தாத்தாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அப்பாருவுக்கு ஒரே ஆசைதான். ஊட்டிக்கு மேலே ஓடும் ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மீன்கோலோடுதான் திருப்பூருக்கு வந்து இறங்குவார். ஒவ்வொரு முறையும் ஒரு சரக்கில் கறை, இன்னொன்றில் அளவு குறைவு என்று அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியிலேயே கழிந்துவிடும். அந்த முறை வந்ததுதான் கடைசி. ஊருக்குத் திரும்பியதும் ஓய்வு. அதனால் முன்கூட்டியே எழுதிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டும் வாங்கி வைத்திருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் சாம்பிள் அறைக்கு வந்தாள். பையருக்கும் எங்களுக்கும் நடுவில் இங்கிலீஷில் பேசி வேலையை நகர்த்துகிறவள் அவள்தான்.

"அக்கா, அப்பாரு மூஞ்சியப் பாத்தீங்களா? தீஞ்ச தோசையாட்ட இருக்குது."

"ஏங்கண்ணு, சரக்கு ஃபெயிலா?"

"சரக்கெல்லாம் பாஸுங்க்கா. அவரு பொட்டிதான் ஏரோப்ளேன்ல தொலைஞ்சு போச்சு. மீன் புடிக்கற பூச்சியெல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சாம்."

நான் புழுவைத்தான் நினைத்தேன். அவள் சிரித்துவிட்டு உள்ளங்கையைத் திறந்தாள். ஒரு தூண்டில் முள். அதன் மேல் நூலும் சேவல் இறகும் சுற்றி, கொசுவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பூச்சி. கோலையும் தூண்டில் நரம்பையும் அப்பாரு கையோடு கொண்டுவந்திருந்தார். முள் இருப்பதால் பூச்சிகளை மட்டும் பெட்டியில்தான் போட வேண்டுமாம். அவர் தொப்பியில் குத்தியிருந்ததால் யார் கண்ணிலும் படாமல் வந்த இந்த ஒன்றுதான் மிச்சம். ட்ரவுட் மீன், தண்ணீர் மேல் விழுகிற பூச்சியைத் தாவிப் பிடித்துத் தின்னும் மீன். இந்தப் பொய்ப்பூச்சி தண்ணீரில் மிதக்க வேண்டும், மீன் அதை நிஜம் என்று நம்ப வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள பன்னெண்டு வேணுங்க்கா. உங்களால ஆகலீன்னா அவரு அங்க போயிக் கரையில உக்காந்து தயிர்சோறு தின்னுட்டு வர வேண்டியதுதான்."

கட்டுகிறேன் என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சாமளாபுரத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனதும் கணவரிடம் பூச்சியைக் காட்டினேன். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். நூல் என்றால் அவருக்கும் தெரியும். ஆனால் அன்று எனக்கு வேண்டியது அவருடைய நூல் இல்லை. அவர் வளர்க்கும் செவலைச் சேவலின் கழுத்து இறகு.

"எத்தன எறகு?"

"பன்னெண்டுங்க. கழுத்துல இருக்கறதுதான் மெல்லிசா, பளபளன்னு இருக்குது."

"ஏம்புள்ள, நாளைக்கு நாலு பேரு முன்னால நான் அதைத் தூக்கிட்டுப் போனா, உன்ற சேவலு வேட்டியில்லாம வந்திருக்குதுன்னு சிரிக்க மாட்டானுங்களா?"

முதலில் கூண்டில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிக் கொடுத்தார். ஏழு தேறியது. மறுநாள் காலையில் நான் ஒன்றும் சொல்லாமல் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே அதை மடியில் வைத்துக்கொண்டு, "பொறுத்துக்க சாமி, வெள்ளைக்காரங்களுக்காவ" என்று அதன் காதருகே சொல்லி ஐந்து இறகைப் பிடுங்கினார். அது கத்தியது. அவர் முகமும் கோணியது. இருப்பதிலேயே சின்னத் தூண்டில் முள்ளாகப் பார்த்துச் சந்தையிலிருந்து வாங்கி வந்ததும் அவர்தான்.

சாம்பிள் அறையில் கட்ட உட்கார்ந்தேன். முள்ளைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அதன் வளைவைத் தையல் மிஷினின் பாதத்துக்குக் கீழே கொடுத்து அழுத்தினேன். அசையாமல் நின்றது. இறகு மயிரால் வால் வைத்து, உடம்புக்குப் பஞ்சைத் திரித்துச் சுற்றி, அதன் முன்னால் இறகைச் சுற்றினால் அதன் மயிர்கள் கால்களைப் போலச் சிலிர்த்து நிற்கின்றன. முதல் பூச்சி அழகாக வந்தது. டம்ளர் தண்ணீரில் போட்டேன். கல்லாட்டம் உள்ளே போனது. பருத்திப் பஞ்சு தண்ணீரைக் குடிக்கும் என்பதைப் பனியன் தைக்கிறவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளிர்கால ஜெர்சித் துணியை மிஷினில் சுரண்டி உட்பக்கத்தை மெத்தென்று ஆக்குவார்கள். அப்போது கழிகிற பாலியெஸ்டர் பஞ்சில் ஒரு பிடி எடுத்துவந்தேன். முதல் பூச்சியைப் பிரித்து, நூலில் மெழுகுவத்தியைத் தேய்த்து மறுபடி கட்டினேன். முடிச்சு அவிழாமல் இருக்க, மெர்ச்சண்டைசர் பெண் தன் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தாள். இந்தப் பூச்சி மிதந்தது. சாம்பிள் அறையே வந்து டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இங்கேதான் தப்பு செய்தேன்.

சாம்பிள் அறையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். பையர் கொடுத்தது எப்படி இருக்கிறதோ அப்படியே தைக்க வேண்டும். நம் மூளையை அதில் சேர்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாய்ந்திருந்த ஒரு பாக்கெட்டை நான் நேராக வைத்துத் தைத்து, அது திரும்பி வந்து, மாஸ்டர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. அதனால் அப்பாருவின் பூச்சியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் இறகு மயிர் இல்லை, மொட்டை. வாலில் ஒரே ஒரு நீள மயிர், மற்றவை கட்டை. முதுகில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நூல் வெட்டும் கத்தரியால் இடது பக்கத்தை மொட்டையடித்தேன். வாலைக் கத்தரித்தேன். முதுகில் மெரூன் நூலை மூன்று சுற்று சுற்றினேன். அந்த மெரூனுக்காக நாலு நூல்கண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து நிறம் பொருத்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பன்னிரண்டையும் அட்டையில் குத்திக் கொடுத்தோம். அப்பாரு வழக்கம்போல் மூக்கு படக் குனிந்து முதல் பூச்சியைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். பிறகு நாங்கள் கூடவே திருப்பிக் கொடுத்த சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்த சாம்பிள் போன வருஷம் அவரு ஊருல மீனு கடிச்சுக் கொதறுனதாம். ராசியான பூச்சின்னு தொப்பியில வெச்சிருக்காரு. முதுகுல இருந்தது ரத்தக் கறையாம். நீங்க மீனு கடிச்சதையும் சேத்தித் தெச்சுப் போட்டீங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வேறு கட்டலாம் என்றால் முள் இல்லை, நேரமும் இல்லை, விடியற்காலையில் கார். அப்பாரு என் தோளைத் தட்டி, நன்றாக இருக்கிறது என்றார். சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் சொல்கிற அதே "நன்றாக இருக்கிறது"தான். அதன்பின், கட்டியவர்களும் வந்து பார்க்க வேண்டும், இறகு கொடுத்தவரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். விடியற்காலையில் கணவர், மெர்ச்சண்டைசர் பெண், நான் மூன்று பேரும் அப்பாருவோடு காரில் ஊட்டிக்குக் கிளம்பினோம்.

ஓடை, சோலைக்குள் கல் கல்லாகத் தாவி ஓடியது. அப்படி ஒரு குளிர். அப்பாரு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, கோலை முன்னும் பின்னும் வீசினார். நரம்பு காற்றில் வளைந்து போய்ப் பூச்சியைத் தண்ணீர் மேல் வைத்தது. என் பூச்சி மிதந்து வந்தது. எடுத்தார், மறுபடி வீசினார். இப்படியே இரண்டு மணி நேரம் போனது.

"ஏம்புள்ள, இவரு மீன் புடிக்கறாரா, தண்ணியச் சாட்டையில அடிக்கறாரா?" என்றார் கணவர்.

"மாமா, மெதுவாப் பேசுங்க, மீனு ஓடிரும்" என்றாள் மெர்ச்சண்டைசர் பெண்.

"இருந்தாத்தான ஓடறதுக்கு."

மத்தியானத்துக்குள் மூன்று பூச்சிகளை மரக்கிளைகள் வாங்கிக்கொண்டன. ஒன்று கல்லில் மாட்டி அறுந்தது. மீன் இருந்தது. அவ்வப்போது தண்ணீரில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. மீன்கள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு என் பூச்சியை விட்டுவிட்டுப் போயின. அப்பாரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஐந்து மணிக்குள் கிளம்ப வேண்டும், செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். எலுமிச்சைச் சோற்றை நீட்டினோம், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், தின்னவில்லை.

நானும் சோற்றைக் கீழே வைத்தேன். தண்ணீரையே பார்த்தேன். தைக்கிறவளுக்கு வேறு என்ன தெரியும்? சாம்பிளைப் பார்க்கத் தெரியும். ஓடையில் நிஜப் பூச்சிகள் விழுந்துகொண்டிருந்தன. விழுந்தவை நிமிர்ந்து நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு சிறகு நனைந்து, கிறுகிறுவென்று சுற்றின. அவற்றைத்தான் மீன் எடுத்தது. அப்பாருவோ அட்டையிலிருந்து ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே நிமிர்ந்த பூச்சியாகத் தேடி எடுத்தார். முதலில் கட்டிய நாலைந்தில் நான் பயந்து பயந்து கொஞ்சமாகத்தான் வெட்டியிருந்தேன். அவைதான் நிமிர்ந்து நின்றன, நன்றாக மொட்டையடித்தவை ஒரு பக்கம் சாய்ந்துதான் மிதக்கும்.

சொல்லலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஐம்பது வருடமாக மீன் பிடிக்கிறவரிடம் நான் போய் எப்படிச் சொல்வது? மெர்ச்சண்டைசர் பெண்ணின் துப்பட்டாவை இழுத்தேன்.

"கண்ணு, அவரு நிமிந்து நிக்கறதாவே எடுக்கறாரு. அங்க உழுகற பூச்சியெல்லாம் சாஞ்சு கெடக்குது பாரு. அந்தக் கடைசி வரிசையில ரொம்ப மொட்டையா இருக்கறதப் போடச் சொல்லேன்."

"நீங்களே சொல்லுங்க்கா."

"நீ சொல்லு கண்ணு."

அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். நான் எழுந்து போய், அட்டையில் கடைசி வரிசைப் பூச்சியை விரலால் தொட்டேன். பிறகு ஓடையில் சுற்றிக்கொண்டு போன ஒரு பூச்சியைக் காட்டினேன். உள்ளங்கையை ஒரு பக்கமாகச் சாய்த்தும் காட்டினேன். அப்பாரு என் கையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு அந்தப் பூச்சியை அட்டையிலிருந்து கழற்றி நரம்பில் கட்டினார்.

நாலாவது வீச்சில் தண்ணீர் பிளந்தது. கோல் வில்லாக வளைந்தது. அவர் கல் கல்லாகத் தடுமாறி ஓட, என் கணவர் எலுமிச்சைச் சோற்றோடு கரையில் பின்னாலேயே ஓடினார். "உட்டராதீங்க, உட்டராதீங்க" என்ற அவர் சத்தத்துக்கு மீன் ஓடாமல் இருந்ததே அதிசயம். கடைசியில் வலைக்குள் வந்தது. உடம்பெல்லாம் கரும்புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை. இவ்வளவு துல்லியமாக ஒரு பிரிண்டை நான் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. அப்பாரு என்னைக் கூப்பிட்டு, என் கையைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லி, மீனை அதில் கிடத்தினார். முள்ளை மெதுவாக எடுத்தார். மீன் செவுளை இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. பிறகு என் விரல்களுக்கு நடுவே வழுக்கிப் போய்விட்டது.

"போயிருச்சு" என்றேன்.

"அவரேதான் உட்டுட்டாருங்க்கா" என்றாள் மெர்ச்சண்டைசர் பெண்.

கணவருக்கு அதைத் தாங்கவே முடியவில்லை. "ஏனுங்க, இதுக்கா என்ற சேவலு எறகக் குடுத்துச்சு?" என்று அப்பாருவிடம் தமிழிலேயே கேட்டார். அப்பாருவுக்கு என்ன புரிந்ததோ, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்களோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரமெல்லாம் எங்கள் வீதியில் இதே பேச்சுதான். எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டால் கணவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். திங்கட்கிழமை ஒரு முழம் இருந்தது. வியாழக்கிழமைக்குள் ஒன்றரை முழம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர் கை இன்னும் விரிந்தது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

"ஒரு சாண்தானுங்க" என்றேன். "என்ற கையிலதான இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். "தண்ணிக்குள்ள இருந்தா சின்னதாத்தான் தெரியும்" என்று சமாளித்தார். அதற்குப் பிறகு யாராவது கேட்டால், முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கையை விரிப்பார். ஒன்றரைச் சாணுக்கு மேல் போகாது. அந்த அரைச் சாணை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.