பெனடிக்ட் பார்த்துக்கொண்ட மன்றாட்டுப் பெட்டி

பெனடிக்ட் இறந்துவிட்டார். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், இன்று காலை. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் எங்கள் கோயில் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் கோயில் தோட்டத்தில் வேலை செய்கிறவன். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றேன்.

அந்த வெப்சைட்டில் மன்றாட்டு, அதாவது வேண்டுதல், எழுத ஒரு பெட்டி உண்டு. பெனடிக்ட் ஓகே கொடுத்தால் எல்லோருக்கும் தெரியும், ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள்.

நான் முதன்முதலில் சொந்தமாக எழுதியது அதில்தான். பூண்டியில் நிறைமாதமாக இருந்த மகளுக்காக நாலு வரி. போனில் என் எழுத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன்!

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் சூதாட்ட விளம்பரம் வந்தது. பயந்துபோனேன். நான் தொட்டதால்தானோ... மகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ...

பெனடிக்டின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். "தம்பி, நான்தான் கெடுத்துப்புட்டேன்."

"நாலு வரிக்கே சைட்டு கவுந்துச்சுன்னா, நாப்பது வரி எழுதுனா மலையே சரிஞ்சிரும்யா!" என்று சிரித்தார்.

பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் தோண்டிப் பார்த்தார். முகம் மாறியது. "எவனோ மன்றாட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கட்டளை எழுதி வச்சிருக்கான்யா. அது அங்கேயே கெடக்கும். யாரு தொறந்தாலும் அவங்க போன்ல ஓடும். பெட்டிக்குப் போட்ட பிளகின்ங்கிற சின்ன புரோகிராம்ல ஓட்டை. அப்டேட் வந்து கெடந்துச்சு, நான்தான் நாளைக்கி நாளைக்கின்னு விட்டுட்டேன்."

"படிக்காமயா ஓகே குடுத்தீக?"

"படிச்சேன்யா. 'அம்மாவுக்கு உடம்பு முடியல'ன்னு இருந்துச்சு. மன்றாட்டைப் போய் வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

பெட்டியையே காலி செய்யச் சொன்னார் பங்குச் சாமியார். பெனடிக்ட் ஒவ்வொரு மன்றாட்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அழித்தார். அந்த அம்மா வரியையும் எழுதினார்.

"அது களவாணிப் பய எழுதுனதுல்ல?"

"அவனுக்கும் அம்மா இருப்பாகல்ல."

அந்த ஞாயிறு அதையும் வாசித்தார்கள். அந்த வாரமே மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது.

அதற்குப் பிறகு அவர் தினமும் வெள்ளனே எழுந்து அப்டேட் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து யாரும் பார்க்கவில்லை. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதாம். பெட்டி திறந்தேதான் கிடக்கிறது. அப்டேட் போடாவிட்டால் ஓகே இல்லாமலே உள்ளே நுழைய வழி இருக்குமாம்... எவன் என்ன எழுதி வைத்திருக்கிறானோ.

விவரம் தெரிந்தவர்கள் வந்து அதைச் சரிசெய்யும்வரை, தயவுசெய்து யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

நாளை மாலை அடக்கம்.

போய் வாருங்கள், தம்பி. இனி அந்தப் பெட்டியை யார் பார்ப்பார்களோ, எனக்குப் பயமாக இருக்கிறது.