குழியலறை

நர்ஸம்மா உண்மையில் நர்ஸ் இல்லை. ஆறு மாதப் பயிற்சி பெற்று, இருபத்திரண்டு வருடமாகப் படுத்தவர்களை எழுப்பி உட்கார வைப்பவர். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது என்று அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டுவிட்டார். பயிற்சியில் கற்ற ஒன்றை மட்டும் அவர் விட்டதே இல்லை. நாள் தவறாமல் நோட்டு எழுதுவார். கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதுவார்.

இந்த முறை அவருக்கு வாய்த்தவர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டே சம்பளம் வாங்கிய மனிதர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் ஆகி, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நாற்காலியை விட்டு அசையவில்லை. நர்ஸம்மாவுக்கு முன் வந்த மூன்று பேரை வாயாலேயே விரட்டியிருந்தார்.

வெளியூரில் இருந்த மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பா தானா பாத்ரூம் போயிட்டு வந்தா வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா முதியோர் இல்லம்தான். நோட்டைப் பாத்துதான் முடிவு பண்ணுவேன்."

மறுநாளே பெரியவர் குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"ஏம்மா, ஐயா இன்னைக்கு வாசல் வரைக்கும் நடந்தார்னு ஒரு வரி எழுதேன்."

"நடக்காததை நடந்ததா எழுத மாட்டேன்."

"சிலேடையெல்லாம் வருதே உனக்கு."

"அது என்னமோ, எனக்குத் தெரியாது. நீங்க நடக்கல. நடக்கலன்னு எழுதியிருக்கேன்."

"கொண்டா, பாக்கறேன்."

'ஐயா மருந்தை உட்கொல்ல மறுத்தார்' என்றிருந்தது. பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இதை எம் பொண்ணு படிச்சா போலீஸோட வருவா. கொல்ல இல்லம்மா, கொள்ள."

நர்ஸம்மாவுக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே முகச்சாயல் கொண்ட அக்கா தங்கைகள். எது எதுவென்று பிடிபடாது. அன்றிலிருந்து நோட்டில் சிவப்பு மை ஓடியது. 'ஐயா குழித்தார்' என்ற வரிக்கு, "நான் என்ன பள்ளமா தோண்டினேன்?" என்றார். 'பாத்ரூம்' என்பதை அடித்துக் 'குளியலறை' என்று எழுத வைத்தார்.

ஒரு நாள் நர்ஸம்மா நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனார். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பெரியவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி திருத்திக்கொண்டிருந்தார். நர்ஸம்மா கதவோரமாக ஒதுங்கிக்கொண்டார். அவர் உட்கார்ந்ததும் எழுதினார்: 'நாற்காலியிலிருந்து மேஜைக்கு ஆறு அடி. தானாக. காரணம்: கோபம்.'

மறுநாள் நோட்டு ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. அதற்கடுத்த நாள் ஜன்னலுக்குப் போனது. பெரியவர் அதுவரை மூலையில் கிடந்த வாக்கரைத் தள்ளிக்கொண்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டே பின்தொடர்ந்தார். ஆனால் குளியலறைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நர்ஸம்மா கையைப் பிடித்தால்தான் உள்ளே போவார். விழுந்த இடம் அல்லவா? அதையும் நர்ஸம்மா தினமும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நோட்டை முழுக்கப் படித்தாள்.

"ஜன்னல் வரைக்கும் போறீங்க. பாத்ரூம் அதைவிடக் கிட்டதானேப்பா?"

"ஜன்னல்ல வேலை இருந்துச்சு, போனேன்."

"பாத்ரூம்ல என்ன, விருந்தா வைப்பாங்க?"

பெரியவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினார். மகள் பெருமூச்சு விட்டு, இல்லத்தின் எண்ணைத் தேட போனை எடுத்தாள்.

நர்ஸம்மா நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதி, பிளாஸ்திரியால் குளியலறைக் கதவில் ஒட்டினார். 'குழியலறை'. பதினோரு தடவை திருத்தம் வாங்கிய சொல் அது. இந்தத் தடவை தெரிந்தே எழுதினார்.

பெரியவர் பார்த்தார். முகத்தைத் திருப்பினார். மறுபடி பார்த்தார்.

"அதை எடு."

"அடுப்புல பால் இருக்குய்யா."

"நீயாவது எடும்மா."

மகள் கதவைப் பார்த்தாள், நர்ஸம்மாவைப் பார்த்தாள். "நான் போன்ல இருக்கேன்பா," என்றாள். போன் அணைந்தே இருந்தது.

பெரியவர் எழுந்தார். வாக்கர் தரையில் தடதடத்தது. கதவருகே போய் 'ழி'யை அடித்து 'ளி' போட்டார். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"சரி, வந்தது வந்தாச்சு," என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெளியே இரண்டு பேரும் கதவருகே வந்து நின்றார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் போகவில்லை. கடைசியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, ஈரக் கை ஒன்று கதவைத் திறந்தது.

"இங்க என்ன, ஊர்க்கூட்டமா?" என்றார் பெரியவர்.

மகள் போனைப் பைக்குள் போட்டாள்.

அன்று மாலை நர்ஸம்மா எழுதினார்: 'குளியலறைக்குத் தானாகப் போனார். திரும்பியும் வந்தார். கை களுவினார்.'

பெரியவர் சிவப்புப் பேனாவுக்குக் கை நீட்டினார். இந்த 'ளு' நர்ஸம்மா தெரியாமல் எழுதியது.